பத்தாயிரம் ரூபாய், இருபத்தைந்து பிள்ளைகள்: ரீசார்ஜா, மெமரி கார்டா, பழைய லேப்டாப்பா?

ஊரில் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்று நடக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் பத்தாயிரம் ரூபாய் அனுப்பி, "பிள்ளைங்களுக்கு நெட் வசதி செஞ்சு குடுத்துடுங்க" என்கிறார். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். அதில் கருவி எதுவும் வாங்க முடியாது. ஆகவே இப்படி எப்போதாவது வரும் பணத்தை எதில் போடுவது என்பது பல ஊர்களில் உண்மையாகவே எழும் கேள்வி.

ஒப்பிட வசதியாக ஒரு மையத்தை வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 25 பிள்ளைகள். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை. ஒரே தன்னார்வலர். கரண்ட் அவ்வப்போது போகும். வீட்டிலிருந்து போன் கொண்டுவரக்கூடிய பிள்ளைகள் நாலு பேர். கீழே வரும் விலையெல்லாம் தோராயம். மெமரி, ரேம் விலைகள் ஏறி இறங்குபவை, வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ண வேண்டியது ஜிபி அல்ல, நிமிடம். நாலு போன், தொண்ணூறு நிமிடம்: மொத்தம் 360 நிமிடத் திரை. அதை 25 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 14 நிமிடம்தான் தேறும். டேட்டா எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் இந்த 14 நிமிடம் 15 ஆகாது. பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அறிவு எங்கிருந்து வருகிறது என்பதற்குச் செலவழிக்கிறார்கள். அது எந்தத் திரையில், யார் கையில் தெரியப் போகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், 14 முதல் 16 வயது வரையானவர்களில் 82 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். அவர்களில் முந்தைய வாரம் படிப்புக்காகப் போனைத் தொட்டவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 விழுக்காடு. சொந்தப் போன் யாரிடம் என்று 2023 அறிக்கை கேட்டபோது, பையன்களில் இருந்த அளவில் பாதிகூடப் பெண்பிள்ளைகளிடம் இல்லை. ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"விக்கிப்பீடியா பார்க்க டேட்டா கழியாதாமே" என்று இன்னும் சிலர் கேட்பதுண்டு. 2013இல் ஏர்செல் விக்கிப்பீடியா ஜீரோ என்ற பெயரில் அப்படிக் கொடுத்தது உண்மை. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று விதி போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அதோடு நின்றது. விக்கிமீடியாவும் தன் திட்டத்தை 2018இல் உலகம் முழுக்க மூடிவிட்டது. அந்த விதி சரியா தவறா என்பது தனி வழக்கு. இன்றைக்கு அது ஒரு வழி அல்ல, அவ்வளவுதான்.

ரீசார்ஜ் செய்து கொடுப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் முந்நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது. 25 வீட்டுக்கும் போட்டால் ஒரே தடவையில் 7,500 ரூபாய் போய்விடும். மாதத்துக்கு 28 நாள் என்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். இரண்டே பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கப் போட்டாலும் 7,800.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். நாள் ஒதுக்கீடு நள்ளிரவில் அழிந்துவிடும். மிச்சம் பிடித்து ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ள முடியாது. அப்பாவோடு வேலைக்குப் போகும் போன் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது பாதி டேட்டாவும் பாதி சார்ஜும் தீர்ந்திருக்கும். ஒதுக்கீடு முடிந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், பாட வீடியோ போகாது. மலிவு என்று டேட்டா வவுச்சர் மட்டும் போட்டுக் கொடுப்பவர்கள் கவனிக்க: அந்த எண்ணில் அடிப்படைத் திட்டம் உயிரோடு இல்லாவிட்டால் வவுச்சர் வேலை செய்யாது.

இது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை, வீட்டிலேயே இருக்கும் ஒரு போன், ஜனவரி முதல் மார்ச் வரை. 84 நாள் திட்டம் ஒன்று 800 முதல் 900 ரூபாய். அதில் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பாடங்களை 360பி தரத்தில் பார்த்தால் மணிக்குச் சுமார் 300 முதல் 400 எம்பிதான் ஆகும். யூடியூப் தரத்தைத் தானாகவே கூட்டிக்கொள்ளும் என்பதால், அமைப்பில் போய் "டேட்டா சேமிப்பு" என்பதைத் தேர்ந்து வைத்துவிட்டுப் போனைக் கையில் கொடுங்கள். 720பியில் ஓடினால் அதே பாடம் மூன்று மடங்கு தின்னும்.

மையத்துக்கே இணைப்பு

ஊருக்குள் ஃபைபர் வந்திருந்தால் மாதம் 400 முதல் 500 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வருடத்துக்கு 5,600 முதல் 7,100 ரூபாய் வரை ஆகும், கருவிச் செலவு தனி. அடுத்த வருடம் யார் கட்டுவது என்பதற்கு முதல் நாளே விடை இருக்க வேண்டும். ரீசார்ஜைப் போலவே இதிலும் பணம் நின்ற மாதமே எல்லாம் நின்றுவிடும்.

ஊராட்சிக் கட்டடத்தில் நடக்கும் மையம் என்றால் இணைப்பு யார் பெயரில், யார் ஆதாரில் என்பது அடுத்த முடிச்சு. கரண்ட் போனால் ரூட்டரும் போகும்; அதற்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று 1,200 முதல் 1,500 ரூபாய். நம் பக்கம் யூபிஎஸ் இருந்தும் கேபிள் வரும் வழியில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் பயனில்லை.

இணையம் இருந்தால்தான் ஆகும் வேலைகள் உண்டு, மறுக்கவில்லை: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்எம்எம்எஸ் தேர்வு விவரம் (தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை, விட்டுவிடக் கூடாதது), தேர்வு முடிவுகள், கல்லூரி விண்ணப்பங்கள். ஆனால் இவையெல்லாம் மாதத்தில் சில மணி நேர வேலை. தன்னார்வலரின் சொந்தப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் முடிந்துவிடும். இதற்காக முப்பது நாளும் கம்பி இழுக்கத் தேவையில்லை.

போன்களில் மெமரி கார்டு

இங்கிருந்துதான் இணையம் இல்லாத இணையம் தொடங்குகிறது. கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி விக்கிப்பீடியா போன்ற முழுத் தளங்களை ஒரே கோப்பாகத் திறந்து காட்டும். அந்தக் கோப்புக்கு ஜிம் கோப்பு என்று பெயர். ஒருமுறை நல்ல இணைப்பில் பதிவிறக்கிவிட்டால் பிறகு டேட்டாவே வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் 1.7 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எல்லாம் ஒரு சாதாரண கார்டுக்குள் அடங்கிவிடும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபியைத் தாண்டும், அதைத் தொடாதீர்கள். எளிய ஆங்கில விக்கிப்பீடியா போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிவதும் அதுதான். ஒவ்வொரு கோப்பும் மூன்று உருவில் கிடைக்கும்: கட்டுரையின் முன்னுரை மட்டும் கொண்டது, படம் இல்லாதது, எல்லாம் உள்ளது. இடம் குறைவு என்றால் படமில்லாததை எடுங்கள். முன்னுரை மட்டும் உள்ளதை எடுத்தால் பிள்ளை இரண்டு வரி படித்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று மூடிவிடும்.

செய்முறை சுலபம், சறுக்கும் இடங்கள் நாலு.

ஒன்று, போலிக் கார்டு. 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும், உள்ளே 16 தான் இருக்கும். எழுதும்போது எந்தக் குறையும் சொல்லாது, படிக்கும்போது பாதிக் கோப்பு இருக்காது. வாங்கியதும் லேப்டாப்பில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ (லினக்ஸ் என்றால் எஃப்3) என்ற சோதனை மென்பொருளை முழுக் கொள்ளளவுக்கும் ஓட்டிப் பாருங்கள். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடலாம்.

இரண்டு, கார்டின் ஃபார்மேட். ஃபேட்32 முறையில் இருக்கும் கார்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிட்டு எழுதுங்கள். மிகப் பழைய போன்களில் சில எக்ஸ்ஃபேட் கார்டைப் படிக்காமல், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். பிள்ளை ஆம் என்று தட்டினால் எல்லாம் போயிற்று. அப்படிப்பட்ட போனுக்கு 4 ஜிபிக்குக் குறைந்த கோப்புகளை மட்டும் கொடுங்கள்.

மூன்று, செயலி எங்கிருந்து வந்தது என்பது. பிளே ஸ்டோரில் கிடைக்கும் கிவிக்ஸுக்கு, வெளியிலிருந்து நகலெடுத்துப் போட்ட கோப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் கூகுளின் சேமிப்பக அனுமதி விதிகளால் தடை உண்டு. கிவிக்ஸ் தளத்திலிருந்தே நேரடியாக எடுத்த செயலியை நிறுவினால் இந்தத் தொல்லை இல்லை.

நான்காவதற்கு மென்பொருளில் தீர்வு இல்லை. அது குடும்பப் போன். சித்தப்பா கல்யாண வீடியோவுக்கு இடம் போதவில்லை என்றால் முதலில் அழிவது பெயர் புரியாத பெரிய கோப்புதான்.

இத்தனைக்கும் பிறகு, பிள்ளையோடு வீட்டுக்குப் போகக்கூடிய வழி ரீசார்ஜை விட்டால் இது ஒன்றுதான். தை மாதம் தொடங்கி மழை வரும்வரை குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடும் பிள்ளைகளுக்கு மையத்தில் எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் பயனில்லை. 400 ரூபாய்க் கார்டு ஒன்று அவர்களோடு போகும்.

பாடப்புத்தகத்தோடு ஒட்டிய வீடியோக்களுக்கு திக்ஷா செயலியும் இதே போனில் இருக்கட்டும். 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் ஓரத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்ய இணையம் வேண்டும், ஆனால் ஒருமுறை இறக்கிய பாடம் செயலிக்குள் தங்கும். இறக்கியதைக் கோப்பாக்கி இன்னொரு போனிலுள்ள திக்ஷாவுக்கு அனுப்பவும் முடியும். தன்னார்வலர் ஒருவர் வாரத்தில் ஒருநாள் இறக்கி நாலு போனுக்கும் பரப்பினால் போதும். யூடியூப் செயலிக்குள் இறக்கிய வீடியோவை இப்படிப் பரப்ப முடியாது. அது அந்த ஒரு போனோடு கட்டுப்பட்டது, இடையிடையே இணையத்தில் சேராவிட்டால் ஓடவும் மறுக்கும்.

பழைய லேப்டாப்பைப் பெட்டியாக்குவது

பெட்டி என்றால், இதே ஜிம் கோப்புகளை ஒரு கணினியில் வைத்து, இணையம் இல்லாமலே வைஃபை வழியாக எல்லா போன்களுக்கும் காட்டுவது. நம் மையத்துக்கு எங்கள் தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

2011 தொடங்கிப் பல வருடம் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா லேப்டாப் கொடுத்தது. பேட்டரி செத்து, பீரோ மேல் தூங்கும் லேப்டாப் இல்லாத தெரு குறைவு. அறிவிப்பு ஒன்று போட்டால் ஒன்றிரண்டு வந்து சேரும். முதல் தொகுதிகளில் ரேம் 2 ஜிபிதான். பரவாயில்லை; பக்கங்களைப் பரிமாறும் வேலைக்கு அது தாராளம்.

ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள், 1,500 ரூபாய் அளவில் கிடைக்கும். பழைய விண்டோஸில் புதிய கிவிக்ஸ் பெரும்பாலும் ஓடாது. லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவி, அதில் கிவிக்ஸ் சர்வ் என்ற சர்வர் மென்பொருளை லேப்டாப் தொடங்கும்போதே ஓடும்படி அமைக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்த பொறியியல் மாணவர் ஒருவருக்கு ஒருநாள் வேலை. தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்றால் உள்ளிருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது, முப்பது நாற்பது ரூபாய். அதை மாற்றாமல் விட்டால் என்றைக்காவது இணையத்தில் சேர்க்கும்போது எந்தத் தளமும் "பாதுகாப்பற்றது" என்று திறக்காது; காரணம் தேதிதான் என்பது யாருக்கும் தோன்றாது.

அடுத்தது வைஃபை. லேப்டாப்பிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால் ஆகாதா? விண்டோஸில் இரண்டு தடை: இணைய இணைப்பே இல்லாத லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட் தொடங்க மறுக்கும், தொடங்கினாலும் எட்டுக் கருவிக்கு மேல் சேராது. லினக்ஸில் முடியும், ஆனால் பழைய வைஃபை சில்லுகள் நாலைந்து போன் சேர்ந்ததும் திணறும். ஆயிரம் முதல் 1,200 ரூபாய்க்குச் சாதாரண ரூட்டர் ஒன்று வாங்கி, அதன் லேன் துளையிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போடுவதே நல்லது. ரூட்டருக்கு இணையம் கொடுக்க வேண்டியதில்லை. ரூட்டர் அமைப்பில் லேப்டாப்புக்கு நிரந்தர முகவரி ஒன்றை ஒதுக்கி, அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒதுக்காமல் விட்டால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறிவிடலாம்; "நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரல" என்ற புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் இது.

மீதிப் புகாருக்குக் காரணம் போன். இணையமில்லாத வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு, "இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிள்ளை முகவரியைத் தட்டும், எதுவும் வராது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள்; "எப்படியும் இணைந்திரு" என்று கேட்டால் ஆம் என்று தட்டி, "மீண்டும் கேட்காதே" என்பதையும் தேர்ந்துவிட வேண்டும். குரோம் தானாகப் பாதுகாப்பான முகவரிக்கு மாற்றப் பார்க்கும். முகவரியின் முன்னால் எச்டிடிபி என்பதை எஸ் இல்லாமல் முழுசாகத் தட்டினால் சரியாகும்.

ரூட்டருக்கு மினி யூபிஎஸ் போட்டாயிற்று. லேப்டாப் பேட்டரி செத்ததாக இருந்தால்? கரண்ட் போனதும் அணைந்துவிடும். எஸ்எஸ்டியும் கோப்புகளைப் படிக்க மட்டும் செய்யும் அமைப்பும் என்பதால் பெரிய சேதம் வராது, திரும்பத் தொடங்க இரண்டு நிமிடம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால் லேப்டாப்புக்குப் புதுப் பேட்டரி ஒன்று 1,500 முதல் 2,000 ரூபாய். அந்தப் பணத்துக்குப் பட்ஜெட்டில் எதையாவது வெட்ட வேண்டும்.

ராஸ்பெரி பை (சுருக்கமாகப் பை) என்ற சின்னஞ்சிறு கணினியும் இதே வேலையைச் செய்யும், அளவு உள்ளங்கைக்குள். இணையத்தில் இதைத்தான் அதிகம் புகழ்வார்கள். நியாயமான புகழ்தான், ஆனால் லேப்டாப் கிடைக்கும் ஊரில் ஐயாயிரம் ஆறாயிரம் கொடுத்து அதில் பை 4 என்ற மாடலை வாங்கினால் கிடைப்பது ஒரு சர்வர் மட்டும். லேப்டாப் என்றால் சர்வரோடு ஒரு பெரிய திரையும் கீபோர்டும் சேர்ந்து வருகிறது. திரை நிமிடம்தான் நம் பஞ்சம் என்பதை மறக்க வேண்டாம். பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறிய மாடல் மலிவு, இரண்டாயிரத்துக்குள் வரலாம், 512 எம்பி ரேம்தான். ஆறேழு போன் விக்கிப்பீடியா படிக்கத் தாங்கும், 25 போன் வீடியோ கேட்டால் தாங்காது.

பை வைப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் மின்சாரத்தில். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் போட்டால் மின்னழுத்தம் தாழ்ந்து நடுவில் மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும். பவர் பேங்க் வைத்தால் கரண்ட் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் பை 4ஐச் சுமார் ஆறு மணி நேரம் ஓட்டும், அது சரி. ஆனால் பல பவர் பேங்குகள் கரண்ட் போய்வரும் நொடியில் வெளியீட்டை ஒரு கண்ணிமைப்பு நேரம் துண்டிக்கும். அந்தத் துண்டிப்பில் பை அணைந்து எழும். இப்படிப் பலமுறை ஆனால் எஸ்டி கார்டிலுள்ள கோப்பு அமைப்பு கெட்டுவிடும். சார்ஜ் ஏறும்போதே தடையில்லாமல் கொடுக்குமா என்று கடையிலேயே கேட்டு, வீட்டில் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்துவிட்டு, பையின் அமைப்பில் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள்.

மின்கம்பி எட்டாத மலைக் குடியிருப்பு என்றால் கதை மாறும். அங்கே லேப்டாப் வேண்டாம். பை ஜீரோ ஒன்றிரண்டு வாட்டில் ஓடிவிடும். 20 வாட் சோலார் பலகை ஒரு நல்ல வெயில் நாளில், இழப்பெல்லாம் போக, சுமார் 60 வாட் மணி கொடுக்கும். பெட்டிக்குப் போக மிச்சத்தில் மூன்று நாலு போன் சார்ஜ் ஏறும். அங்கே பிள்ளைகளை வரவழைப்பதே அந்தச் சார்ஜர்தான்.

சின்ன வகுப்புகளுக்கு டிவி ஒன்றும் குறைந்ததல்ல. கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. ஆனால் அதன் நேர அட்டவணை மையத்தின் நேரத்தோடு பொருந்தும் என்று சொல்ல முடியாது. பென் டிரைவில் வீடியோ போட்டு டிவியில் காட்டினால் 25 பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், திரைப் பஞ்சம் அந்த அரைமணி நேரத்துக்குத் தீரும். எம்பி4, எச்.264 வகைக் கோப்பு மட்டும் வையுங்கள். மலிவு டிவிகள் வேறு வகையைத் திறக்காது, அல்லது படம் மட்டும் வரும், சத்தம் வராது.

பெட்டிக்குள் என்ன வைப்பது

தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி (அகராதி), விக்கிமூலம் (நூல்கள்), எளிய ஆங்கில விக்கிப்பீடியா. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற, திரையில் இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகள் கட்டாயம் வேண்டும்: மின்சுற்றைக் கையால் இணைத்துப் பார்க்கலாம், பின்னங்களை வெட்டி ஒட்டலாம். ஆய்வுக்கூடமே பார்க்காத ஒன்பதாம் வகுப்புக்கு விக்கிப்பீடியாவைவிட அது பெரிது; சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பிடிஎஃப்கள் இலவசம்தான், ஆனால் முழுப் புத்தகமாக வைத்தால் பழைய போன் திறக்கத் திணறும். பாடம் பாடமாக வெட்டி ஒரு கோப்புறையில் வையுங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் படப்புத்தகங்கள் படிநிலை வாரியாக, அச்சிடவும் பகிரவும் உரிமத்தோடு கிடைக்கின்றன. நாலாம் ஐந்தாம் வகுப்புக்கு அதில் பத்தை அச்சடித்துப் போடுங்கள். திரைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கோலிப்ரி என்ற மென்பொருளும் இலவசம். பிள்ளைக்கொரு கணக்கு, பயிற்சிக் கேள்விகள், யார் எவ்வளவு செய்தார் என்ற பதிவு எல்லாம் உண்டு. கிவிக்ஸில் இவை இல்லை. ஆனால் அதில் தயாராகக் கிடைக்கும் தமிழ்ப் பாடம் மிகக் குறைவு. பாடங்களைத் தொகுத்து அடுக்க ஆசிரியர் ஒருவர் சில வாரம் உட்காரத் தயார் என்றால் வையுங்கள். இல்லாவிட்டால் ஆங்கில வீடியோக்களின் கிடங்காக இருந்துவிடும்.

தேடுதலில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிள்ளைகள் இணையத்தில் தட்டித் தேடுவதில்லை, மைக்கை அழுத்திப் பேசித் தேடுகிறார்கள். எழுத்தில் பிழை விட்டாலும் கூகுள் திருத்திக்கொள்ளும். பெட்டியில் இரண்டும் கிடையாது. கிவிக்ஸ் தலைப்பில் உள்ள சொற்களை வைத்துத்தான் பரிந்துரைக்கும். பாடநூலில் ஒரு சொல்லும் விக்கிப்பீடியாத் தலைப்பில் வேறு சொல்லும் இருந்தால் கட்டுரை மேலே வராமல் போகலாம். தீர்வு எளிது: பாடநூலின் கலைச்சொற்களை ஒரு பக்கமும், விக்கிப்பீடியாவில் அவை இருக்கும் தலைப்புகளை மறுபக்கமும் எழுதிய அட்டவணை ஒன்று. வகுப்புக்கு ஐம்பது சொல் போதும். எல்லா போனிலும் தமிழ் கீபோர்டு நிறுவியிருக்கிறதா என்பதையும் முதல் நாளே பாருங்கள்.

பத்தாயிரத்தின் கணக்கு

எஸ்எஸ்டி 1,500. ரூட்டர் 1,200. மினி யூபிஎஸ் 1,300. ஊரில் கேட்டு வாங்கிய மூன்று பழைய போன்களுக்குப் பேட்டரி, கண்ணாடி மாற்ற 2,100; திரைகளைக் கூட்டும் செலவு இது ஒன்றுதான், இதில் கை வைக்காதீர்கள். நீட்டிப்புப் பலகை, சார்ஜர், கேபிள்கள் 700. சூளைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு கார்டு 800. பத்தாம் வகுப்பில் இருவருக்கு 84 நாள் ரீசார்ஜ் 1,700. பட்டன் செல்லும் சில்லறையும் 100. மொத்தம் 9,400, மீதி 600இல் கதைப் புத்தகங்களை அச்சடிக்கலாம்.

இப்போது திரைகளை எண்ணுங்கள்: பிள்ளைகள் கொண்டுவரும் நாலு, சரிசெய்த மூன்று, லேப்டாப் ஒன்று. எட்டு. தொண்ணூறு நிமிடத்தில் 720 திரை நிமிடம், ஆளுக்கு 28 நிமிடத்துக்கு மேல். இருவராக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். அடுத்த வருடச் செலவு ஏறக்குறைய இல்லை. சரிசெய்த மூன்று போன்களும் மையத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, சிம் போடக் கூடாது. பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் திரை பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும் என்பதால் அவற்றின் முறைவரிசையைத் தன்னார்வலர் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டுச்சாவி யாரிடம் என்பதை எழுதி வையுங்கள். 2006 முதல் ஊராட்சிதோறும் கட்டிய அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகங்களில் பல பூட்டியே கிடக்கின்றன. ஊராட்சித் தலைவர் சம்மதித்தால் இந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சுவரும் மேசையும் ஏற்கெனவே இருக்கும். மின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

எதையும் வாங்கும் முன்பு செலவில்லாத சோதனை ஒன்று செய்யலாம். தன்னார்வலரின் போனில் கிவிக்ஸை நிறுவி, படமில்லாத தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி, செயலிக்குள்ளேயே இருக்கும் பகிரும் வசதியை இயக்கி, ஹாட்ஸ்பாட் போடுங்கள். திரையில் தோன்றும் முகவரியை மூன்று பிள்ளைகளின் போனில் தட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். பிள்ளைகள் தேடிய சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எந்தப் போன் சேர மறுத்தது என்பதும் அதில் இருக்கட்டும். பாதிக்கு மேல் வீடியோ கேட்கிறார்கள் என்றால் டிவியும் திக்ஷாவும் முன்னுக்கு வரும். கதை கேட்கிறார்கள் என்றால் அச்சுச் செலவைக் கூட்டுங்கள். அந்த நோட்டோடு கடைக்குப் போங்கள்.